சென்னைக்கு மிக அருகில்

சனிக்கிழமை காலை டி.வி.யைப் போட்டால், சீரியலில் மருமகளைப் படுத்தி எடுக்கும் மாமியார் கூலிங் கிளாஸோடு பொட்டல் காட்டில் நின்று "சென்னைக்கு மிக அருகில்" என்கிறார். பின்னால் ஒரு ஆர்ச், நாலு தென்னங்கன்று, அப்புறம் அடிவானம். அதில் மயங்கி என் மச்சான் மதுராந்தகம் தாண்டி மனை வாங்கி வீடும் கட்டிவிட்டார். சென்ட்ரலிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல்.

நாங்கள் திருவல்லிக்கேணியில் 450 சதுர அடி ஃபிளாட்டில் இருக்கிறோம். "புறாக்கூண்டுல எப்படி மாப்ளே இருக்கீங்க?" என்பார், வரும்போதெல்லாம்.

கூண்டுதான். இங்கே வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவதைக் கேட்டே, தேங்காய்ச் சட்னியா, மிளகாய்ப்பொடியா என்று என் மனைவி சொல்லிவிடுவாள். நான் தும்மினால் எதிர் ஜன்னலிலிருந்து "கஷாயம் வேணுமா சார்?" என்று குரல் வரும். 2011 கணக்கெடுப்பில் அன்றைய சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல். அதில் பாதிப் பேர் எங்கள் மாடிப்படியில்தான் செருப்பைக் கழற்றி விட்டிருக்கிறார்கள்.

ஆனால் படியிறங்கினால் மருந்துக்கடை, தையல்காரர், ரத்னா கஃபே சாம்பார், கொஞ்சம் நடந்தால் பறக்கும் ரயில். மச்சான் கறிவேப்பிலைக்கே பைக்கில் ஜி.எஸ்.டி. ரோடு வரை போகிறார். கறிவேப்பிலையைக் கொசுறாகத் தருகிறார்கள். பெட்ரோலை யார் தருவார்கள்? ஆபீஸ் கிண்டியில். விடியுமுன் கிளம்பி இருட்டியபின் திரும்புவதால், சொந்த வீட்டை அவர் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். தோட்டத்துக்கு மயில் வருகிறதாம். வாட்ச்மேன் சொன்னாராம்.

ஊருக்குள்ளேயே கூடுதலாகக் கட்ட வழி இல்லாமல் இல்லை. 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ.யை, அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக்கினார்கள். கணக்குப்படி ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி. மச்சானோ ஒரு கிரவுண்டு வாங்கி, மூலையில் வீட்டைக் கட்டி, மீதியை நாய்க்கு விட்டிருக்கிறார். பஸ்ஸும் ரயிலும் போகிற இடங்களில் இன்னும் இரண்டு மாடி எழுப்பினால் எத்தனையோ மச்சான்களை ஊருக்குள் மீட்டுவிடலாம். மாடியோடு குடிநீர்க் குழாயும் சாக்கடையும் சேர்ந்து பெருக வேண்டும்; நம் ஊரில் மாடி மட்டும்தான் நேரத்துக்கு எழும்பும்.

போன வாரம் மச்சான் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. "உங்க பில்டிங்ல போர்ஷன் ஏதாவது காலியா இருக்கா மாப்ளே? ஆபீஸ் நாளுக்கு மட்டும்தான்."

விசாரித்தேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு ரூம் இருக்கிறது. நிமிர்ந்து நிற்க முடியாது. வீட்டுக்காரர் பத்து மாச அட்வான்ஸ் கேட்கிறார். நாய்க்கு அனுமதி இல்லையாம்.