எஞ்சின் மாற்றமும் வார விடுமுறையும்

கேள்வி: மியூனிக்கில் வசிக்கிறேன். என் 1987-ஆம் வருஷத்து பி.எம்.டபிள்யூ காருக்கு, நண்பர்களின் துணைகொண்டு வேறு எஞ்சின் பொருத்த உத்தேசம். வார விடுமுறைக்குள் முடியுமா?

பதில்: தங்கள் ஊரிலேயே, பால் ரோஷே என்னும் பி.எம்.டபிள்யூ எஞ்சின் மேதை, ஆறு சிலிண்டர் எஞ்சினின் தலைப்பாகத்தில் இரண்டு சிலிண்டரளவைக் கத்தரித்தெறிந்து, பிற்பாடு எம்3 என்று கீர்த்தி பெற்ற காருக்கு நாலு சிலிண்டர் மாதிரி எஞ்சினைச் சமைப்பதற்கு, தொழிற்சாலை முழுதும் கைவசமிருந்தும், இரண்டு வாரம் பிடித்ததாம், ஆகவே தங்கள் நண்பர்கள் திங்களன்று உத்தியோகத்துக்குப் போகமாட்டார்கள் என்பது நிச்சயம். எஞ்சினை இறக்க ஒரு செயின் புளாக்கும் நாலு புஜங்களும் போதும். ஆனால், டியூவ் வாகனப் பரிசோதகர் சம்மதித்து, மாற்றம் பதிவுப் பத்திரத்தில் ஏறாதவரை, சாலையில் ஓட்டும் அனுமதியே ரத்தாகிவிடுமாதலால், முதலில் யோசனை கேட்கவேண்டிய சிநேகிதர் அவரே. கைகொடுக்கும் மற்ற நண்பர்களுக்குப் பிரியாணி அவசியம். அவருக்கு மட்டும் வேண்டாம், லஞ்சமென்று நினைத்துக்கொள்ளப்போகிறார்!