திரையில் வற்றும் குளம்: எழுத்தளவு நோய் பற்றிய ஓர் ஆய்வு

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே போகிறவர் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று குளங்களை எண்ணிக்கொண்டே போகலாம். பெயர்ப்பலகையில் இவற்றுக்கு ஒரு குறையுமில்லை. தரவுத்தள மென்பொருளின் கட்டத்துக்குள் நுழைந்ததும் மட்டும் ஏன் மெலிந்து, தலை தேய்ந்து, கால் வெட்டுண்டு கிடக்கின்றன? தொல்காப்பியர் இதற்குச் சூத்திரம் செய்யாமல் விட்டது பெருங்குறையே.

இந்நோய் குறித்து இரு பள்ளிகள் உள. கொன்ட்ரோல் பொத்தானை அமுக்கியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் எல்லாம் தீரும் என்பர் பெருக்கவாதிகள். ஓவ் பண்ணி ஓன் பண்ணு என்பர் மீள்தொடக்கவாதிகள். பின்னவருக்கு வலுவான சான்று உண்டு: மைக்ரோசொப்டின் எஸ்.எஸ்.எம்.எஸ். மென்பொருளில் விடைக் கட்டத்தின் எழுத்தளவை மாற்றினால், அதை மூடித் திறக்கும்வரை மாற்றம் தெரியாது.

இனி உடற்கூறு. இத்தகைய கருவிகள் விரும்பும் கொன்சோலாஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஆகவே வின்டோஸ், லதாவையோ நிர்மலாவையோ இரவல் வாங்கி வரும். வரியின் உயரமோ ஆங்கிலத்துக்கு அளந்தது. விருந்தாளி நிமிர்ந்தால் புள்ளி போகும்; காலை நீட்டினால் உகரத்தின் வளைவு போகும். அரைக்கண்ணால் வாசிப்பவருக்குக் குளம் களமாகிவிடும். வன்னியில் இதை வெறும் எழுத்துப்பிழை என்று சிரித்துவிட்டுப் போக முடியாது.

அடுத்தது இடநெருக்கடி. கனகராயன்குளம் நம் கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோட் கணக்கில் 13 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 39 பைட்டு. பெயருக்கு 20 பைட்டு போதும் என்று யாரோ நிரலை வகுத்திருந்தால் "கனகராய" என்பதோடு இடம் தீர்ந்தது. இரணைமடுக் குளத்துக்கே நீர் கொடுக்கும் கனகராயன் ஆற்றோடு பெயரைப் பகிரும் ஊருக்குக் குளம் வைக்க இடமில்லை! அதே 39 பைட்டையும் லத்தீன்-1 என்று தவறாக வாசிக்கும் கருவியில் ஊர்ப்பெயருக்குள் வட்டமிட்ட வர்த்தக முத்திரைக் குறி 11 முளைக்கும். ஊரை யாரோ பதிவுசெய்து வாங்கிவிட்டார்கள் என்று உரை எழுதவும் இடமுண்டு.

கடைசியாகப் பாமினி. இலங்கையில் எத்தனையோ பழைய கோப்புகள் இந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. பாமினி தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்து அவற்றுக்குத் தமிழ்வேடம் போடுகிறது. புள்ளிக்குக் கிடைத்த வேடதாரி அரைப்புள்ளிக் குறி. எஸ்கியூஎல் மொழியிலோ அரைப்புள்ளி வந்தால் கட்டளை முடிந்தது என்று பொருள். மேற்கோள் குறிக்குள் இருக்கும்வரை பயமில்லை. வெளியே நழுவினால் "கனகராயன்" என்றதுமே கட்டளை முடியும். மிச்சக் குளம் இன்னொரு கட்டளை!

இங்கே வேண்டியது யூனிகோட் மாற்றி. பெருக்கவாதி மட்டும் விடாமல் சக்கரத்தை உருட்டுகிறார். க இருக்கவேண்டிய இடத்தில் அவருக்குக் கிடைப்பது பென்னாம்பெரிய ஓர் எஃப்.