ஜாடை மாமா

பெண்ணாடம் ரயிலடி டீக்கடையில் யாராவது ஒரு போட்டோவை எடுத்தால் போதும், அதை வாங்க ஜாடை மாமாவின் கை நீண்டுவிடும். ஊருக்கு ஒருவர் இப்படி உண்டு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். செல்போனைக் கைக்கெட்டிய தூரத்தில் பிடித்து, இரண்டு விரலால் படத்தை விரிப்பார். கண்ணையும் வாயையும் கத்துக்குட்டிகள் பார்க்கட்டும் என்று நேரே காது மடலுக்குப் போவார். பிறகு தீர்ப்பு: "மூக்கு ஸ்ரீமுஷ்ணம். தாடை திட்டக்குடி. தொழுதூர்ப் பக்கம் பொண்ணு எடுத்த குடும்பம். யாரு ஊட்டுப் புள்ளன்னு சொல்லட்டுமா?"

வேண்டாமென்றாலும் சொல்வார்.

ஒரு வீட்டுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் ஸ்டுடியோ படம் ஒன்று, கோயில் வாசலில் எடுத்த செல்ஃபி ஒன்று. மாமா மாறி மாறிப் பார்த்தார். "தம்பிக்காரன் வேணாம்ப்பா. அண்ணங்காரன் மொகத்துல களை இருக்கு, அவனையே பேசி முடிங்க." இரண்டும் ஒரே பையன். அதிலும் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

சிரிக்காதீர்கள். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு டச்சுப் பிரபலங்களின் படங்களை, ஆளுக்கு 20 வீதம் கலந்து, பிரிட்டன்காரர்களிடம் கொடுத்து ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஏழெட்டுப் பேர் இருப்பதாகப் பிரித்து வைத்தார்கள். அந்தப் பிரபலங்களை அறிந்த நெதர்லாந்துக்காரர்களோ இரண்டே குவியலாகப் போட்டார்கள். தெரிந்தவன் மொட்டை போட்டாலும் கண்டுபிடித்துவிடுவோம். தெரியாதவன் படத்தில் வெளிச்சம் கொஞ்சம் மாறினாலே ஆளும் மாறிவிடுகிறான். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் அதிகாரிகளே, வேறொருவர் படத்தோடு வந்தவர்களில் 100க்கு 14 பேரைச் சரியென்று விட்டார்களாம். இது 2014 ஆய்வு. சர்வீஸ் கூடியதாலும் பலனில்லை. மாமாவுக்கு முப்பது வருஷ சர்வீஸ்.

தேர்தலன்று அவர்தான் பூத் ஏஜென்ட். வாக்காளர் பட்டியலிலோ எல்லாரும் விருத்தாசலத்துச் செராமிக் பொம்மை மாதிரி ஒரே அச்சில் வார்த்த முகம். ஆள்மாறாட்டம் என்று ஏஜென்ட் ஆட்சேபித்தால் 2 ரூபாய் கட்ட வேண்டும்; வீண் ஆட்சேபம் என்று அதிகாரி கருதினால் காசு போச்சு. மாமா சில்லறையோடுதான் போவார்.

இதே ஊர்க் கலிக்கம்ப நாயனாரின் மனைவி, அடியாராக வந்தவர் தங்கள் வீட்டில் முன்பு வேலை பார்த்தவர் என்று சரியாகவே கண்டுகொண்டார். கால் கழுவ நீர் வார்க்கத் தயங்கினார். நாயனார் மனைவியின் கையை வெட்டிவிட்டார் என்கிறது பெரியபுராணம். சரியாக அடையாளம் கண்டவருக்குக் கை போயிற்று. மாமாவுக்கு இரண்டு கையும் பத்திரமாக இருக்கின்றன.

வரன் தேடுகிறவர்களே, படத்தை மாமாவிடம் தாராளமாகக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார். பிறகு பஸ் ஏறிப் போய் ஆளை நேரில் பாருங்கள். அங்கே போய் அண்ணன் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.