சட்டை மாறிய சூரர்

கேள்வி: எங்கள் கழகம், ஜன்ம வைரியிடம் ஆடியவனையே விலை கொடுத்து வாங்கியிருக்கிறது. சந்தோஷப்படுவதா, துக்கம் காப்பதா? (கால்பந்துப் பித்தர் ஒருவர்)

பதில்: முதல் கோல் விழும்வரையில் துக்கம் காக்கலாம், ஆனால் பதினாறு நாளைத் தாண்டினால் சாஸ்திர விரோதம்.

1989-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், கிளாஸ்கோ நகரத்து ரேஞ்சர்ஸ் கழகம், தெரிந்து எந்தக் கத்தோலிக்கரையும் சேர்ப்பதில்லை என்று பல தசாப்தங்களாகக் காத்துவந்த அநுஷ்டானத்தைக் கைவிட்டு, கத்தோலிக்கரும் ஜன்ம வைரியான செல்டிக்கின் பழைய வீரருமான மோ ஜான்ஸ்டனை, அதுவும் இரண்டு மாதத்துக்கு முன்புதான் செல்டிக் சட்டையோடு பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் புன்னகை பூத்து நின்றவரை, பதினைந்து லட்சம் பவுனுக்கு அழைத்துவந்தபோது, கழகத்தின் ஐப்ராக்ஸ் மைதானத்து வாசலிலே ரசிகர்கள் தங்கள் நீலக் கழுத்துத்துணிகளைக் கொளுத்தினார்கள். (கோடைக்காலமாயிருந்தது, அந்தச் சீமையின் தை மாதக் குளிரில் கொளுத்தியிருப்பார்களா என்பது சந்தேகமே.) அவர் போடும் கோல்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று விரதம் பூண்டவர்களும் உண்டென்பார்கள்.

நவம்பர் 4-ஆம் தேதி, அதே மைதானத்தில், அதே செல்டிக்குக்கு எதிராக, ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில், அன்றைய ஒரே கோலை அவரே போட்டுவிட்டு, கை இரண்டையும் விரித்துக்கொண்டு கூட்டத்தை நோக்கி ஓடினார். அதுவரையில் அவரைச் சட்டை செய்யாதிருந்தவர்கள் அந்தக் க்ஷணத்தில் அவருடைய சட்டையை மட்டுமே பார்த்தார்கள்.

அது கிடக்கட்டும், தங்கள் கழுத்துத்துணி இன்னும் பத்திரமாக இருக்கிறதா?