நடத்துநரின் பாகப்பிரிவினை: லண்டனிலிருந்து ஒரு மடல்

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் சமூகத்திற்கு, லண்டனிலிருந்து மருமகன் எழுதிக்கொள்வது.

தோல்பையும் விசிலுமாக முப்பது ஆண்டுகள் டவுன் பஸ்ஸில் நின்றபடியே பணியாற்றி ஓய்வுபெற்ற மாமா அவர்கள், "அந்த ஊர்ல கண்டக்டருக்கு என்னதான் வேலை?" என்று கேட்டிருந்தமையால், அதற்கான விடை முறைப்படி இங்கே தரப்படுகிறது. லண்டன் பேருந்தில் நடத்துநர் இல்லை. அவருடைய வேலைகளோ ஒன்றும் குறையாமல் இருக்கின்றன, காற்றுக்கும் மின்சாரத்துக்கும் பாகப்பிரிவினை செய்து கொடுக்கப்பட்டிருக்கின்றன.

முன்பு அவர் இருந்தார். 1956-இல் ஓடத் தொடங்கிய ரூட்மாஸ்டர் என்னும் சிவப்பு இரட்டைமாடிப் பேருந்தில், ஓட்டுநர் முன்புறம் தனி அறையில் அமர்ந்திருக்க, கதவே இல்லாத பின்படியை நடத்துநர் காத்து நின்றார். ஒரு மணி அடித்தால் நிறுத்தம், இரண்டு மணி அடித்தால் புறப்பாடு. மாமா அவர்களின் விசிலுக்கும் இதே இலக்கணம் என்பதால், இவ்விரண்டும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை எனக் கொள்வதில் தவறில்லை. 2005 டிசம்பரில் அவ்வண்டிகள் வழக்கமான தடங்களிலிருந்து விலக்கப்பட்டன. 2012-இல் அதே சாயலில் வந்த புதிய வண்டியின் பின்படியில் மீண்டும் ஒருவர் நிறுத்தப்பட்டார். அவர் சீட்டுக் கொடுக்கவில்லை, காசு வாங்கவில்லை, சில்லறைக்காக எவரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. அந்தச் சுகவாழ்வும் 2016-இல் முடிந்தது.

இன்று சீட்டுக்குப் பொறுப்பு, ஓட்டுநரின் அருகிலுள்ள மஞ்சள் வட்டம். முன்கதவு வழியாக ஏறுபவர் தம் அட்டையை அதன்மேல் வைத்ததும் அது ஒருமுறை கூவிக் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறது. 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்கப்படுவதில்லை என்பதால், பாக்கியைச் சீட்டின் முதுகில் எழுதித் தந்துவிட்டு இறங்கும்வரை பயணியைக் கவலையில் வைத்திருக்கும் கலைக்கு இங்கே இடமில்லை.

படியில் தொங்குவோரை அதட்டும் பொறுப்பு காற்றைச் சேர்ந்தது. கம்ப்ரசர் எனப்படும் கருவி காற்றை அழுத்தித் தொட்டிகளில் நிரப்ப, அந்தக் காற்றுதான் பிரேக்கை இயக்குகிறது. கை பிரேக்கில் மட்டும் முறை தலைகீழ், அங்கே வலிய சுருள்வில் ஒன்று சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருக்க, காற்றழுத்தமே அதை விலக்கி வைப்பதால், காற்று தீர்ந்துபோன வண்டி ஓடிவிடாமல் நின்றுவிடும். கதவு திறந்திருக்கும்வரை வண்டி நகராதபடி பூட்டும் ஓர் அமைப்பும் உண்டு. ஆகவே ஒற்றைக் காலில் தொங்கியபடி தலைவாரும் இளைஞர் என்னும் உயிரினம் இங்கே வாழ வழியில்லை. நிறுத்தத்தில் வண்டி நின்றதும் நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்கும். நடைபாதைப் பக்கத்துச் சக்கரங்களுக்கு மேலுள்ள காற்றுப்பைகள் தளர, பாகனுக்குப் பணியும் கோயில் யானைபோல் அவ்வளவு பெரிய வண்டியும் ஒருபுறம் தாழ்ந்து, தள்ளுவண்டியோடு நிற்கும் மூதாட்டியை ஏற்றிக்கொண்டு மறுபடி நிமிர்கிறது. மாமா அவர்கள் பார்த்தே ஆகவேண்டிய காட்சி இது.

மேல்தளத்தில் நின்று பயணம் செய்யக்கூடாது. மேலே ஆள் நிறைந்தால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று அத்தை அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை; மேல்தளத்தில் பயணிகளின் எடைக்கு ஈடான பாரத்தை ஏற்றி, 28 பாகை சாய்த்தும் கவிழாத வண்டிவகைக்கே அனுமதி உண்டு. சன்னலில் மேல்விளிம்பு மட்டுமே சற்றுத் திறக்கும் என்பதால் துண்டு போட்டு இடம் பிடிக்க இயலாது. முயன்றாலும், மேல்தள முன்னிருக்கைக்கு எட்டும் துண்டு எந்தக் கைத்தறிக் கடையிலும் கிடைக்காது.

நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும் பதிவுக் குரல், சில நாள்களில், இப்பேருந்து சேருமிடம் மாற்றப்பட்டுள்ளது என்று பாதி வழியில் அறிவிக்கும். நம் ஊரில் அக்கணமே நாற்பது பேர் மாமா அவர்களைச் சூழ்ந்துகொண்டு நியாயம் கேட்டிருப்பர். இங்கோ அனைவரும் ஒரு சொல்லும் பேசாமல் இறங்கி, சிலர் ஓட்டுநருக்கு நன்றியும் கூறிவிட்டு, மழையில் வரிசையாக நிற்கின்றனர். ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் அடுத்த வண்டிக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதால் காசைச் சொல்லிச் சண்டையிடவும் வழியில்லை. திட்டு வாங்கும் வேலையை மட்டும் இன்னும் எந்த இயந்திரத்துக்கும் பங்காகக் கொடுக்கவில்லை.

அத்தை அவர்களுக்கு வணக்கம். மற்றவை அடுத்த மடலில்.