வளையத் தெரிந்த ஆன்டெனா

கேள்வி: என் ஜீப்பில் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறேன். மலைப்பாதையில் மரக்கிளை பட்டு ஆன்டெனா அடிக்கடி முறிகிறது. உடையாமல் நெடுந்தூரம் பேச எதை வாங்கலாம்?
– வாசகர், தேனி

பதில்: முறியாமல் இருக்க வேண்டுமென்றால் வளையத் தெரிய வேண்டும், அரசியலில் மட்டுமல்ல, ஆன்டெனாவிலும் இதுதான் விதி. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் அடியில் ஸ்பிரிங்கும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

உயரத்துக்கு ஆசைப்படாதீர்கள். 2 மீட்டர் பட்டையில் (144–146 மெகாஹெர்ட்ஸ்) கால் அலைநீள ஆன்டெனா சுமார் அரை மீட்டர்தான். எட்டில் ஐந்து பங்கு அலைநீளமுள்ளது ஒன்றேகால் மீட்டர் வரும். சமவெளியில் அது சற்றுக் கூடுதல் தூரம் எட்டும். காட்டிலோ முதல் தொடர்பு மரக்கிளையோடுதான்.

பொருத்த நல்ல இடம் உலோகக் கூரையின் நடு. அந்தத் தகடுதான் ஆன்டெனாவின் மறுபாதி. துணிக்கூரை ஜீப் என்றால், பானெட் ஓரத்தில் பெயின்டைச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி போல்ட் போட்டு முடுக்குங்கள். காந்த அடி வேண்டாம். அலுமினியத்தில் அது ஒட்டவே ஒட்டாது, எஃகில் ஒட்டினாலும் பலத்த கிளை பட்டால் ஆன்டெனா காட்டிலேயே குடியேறிவிடும்.

பொருத்தியதும் எஸ்.டபிள்யூ.ஆர். (நிலை அலை விகிதம்) மீட்டரில் பாருங்கள். 1.5-க்குள் இருந்தால் தாராளமாகப் பேசலாம். 3-ஐத் தாண்டினால் வாயைத் திறக்காதீர்கள். அனுப்பிய சக்தியில் கால்பங்கு திரும்பி வந்து உங்கள் செட்டையே பதம் பார்க்கும்.

கேபிள் இணைப்பில் நீர்புகாத டேப் சுற்றுங்கள். இடி மின்னல் நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுங்கள். வானத்தோடு வாதம் வேண்டாம்.