புல்லட்டும் பலாப்பழமும்

வேலூரிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போளூர் வழியாகப் போகலாம். நாங்கள் போவதில்லை. அந்த வழியில் ஆம்பூர் வராது.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கியவர், எல்.ஐ.சி. முகவர், அப்புறம் நான். வண்டி நாலு, நல்ல முழங்கால் மூன்று. கறுப்பு ஜாக்கெட், கையுறை, முட்டிக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றால் தெரு நாய் குரைக்கிறது. "ஏங்க, சாமை வாங்கிட்டு வர இவ்ளோ வேஷமா?" என்கிறாள் மனைவி. புல்லட் என்பது 1955-இல் சென்னையில் பூட்டத் தொடங்கிய வண்டி, ராணுவத்துக்காக வந்தது. எல்லையைக் காத்த வம்சம், என்னிடம் வந்து பால் பாக்கெட் சுமக்கிறது.

ஆம்பூரில் நாங்கள் கேட்பது எப்போதும் அரை பிளேட் பிரியாணிதான். டாக்டர் சொல்லியிருக்கிறார். சீரகச் சம்பா சோறு ஆவி பறக்க வந்து, பக்கத்தில் எண்ணெய்க் கத்திரிக்காய் பளபளவென்று உட்கார்ந்ததும், இன்னொரு அரை. இரண்டு அரை ஒரு முழுசு ஆகாது என்பது தலைமையாசிரியர் கணக்கு. முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவரிடம் யார் வாதாடுவது?

வாணியம்பாடி தாண்டி ஆலங்காயம் வருவதற்குள் கண் சொருகிவிடும். புளியமரத்தடியில் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தபோது பெங்களூர்ப் பையன்கள் வண்டியை நிறுத்தி, "அங்கிள், பிரேக்டவுனா?" என்றார்கள். "வண்டி நல்லாத்தாம்பா இருக்கு" என்றார் முகவர்.

மேலே காவலூர். 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. 1986-இல் ராஜீவ் காந்தி வந்து வானாய்வகத்துக்கு வானியலாளர் வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். ஊர் வெளிச்சம் எட்டாத மலை என்பதால் தேர்ந்தெடுத்த இடம். 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதற்கு இங்கிருந்தும் தடயம் கிடைத்தது. அப்பேர்ப்பட்ட இடத்தில் நாங்கள் கண்ணை இடுக்கித் தேடியது டீக்கடையை.

ஜமுனாமரத்தூரில் மனைவியின் சீட்டு சட்டைப் பையிலிருந்து வெளியே வரும்: சாமை, தேன், புளி, 'முடிந்தால் பலா'. அந்த 'முடிந்தால்' என்ற சொல்லில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரியும். பழத்தைப் பின் சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். போளூர்ப் பக்கம் இறங்கும் ஒவ்வொரு வளைவிலும் நான் இடப்பக்கம் சாய்ந்தால் அது வலப்பக்கம் சாய்ந்தது. பிரேக் போட்டால் முதுகில் குத்தியது. என் மனைவி பின்னால் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய இதேதான். ஆனால் அவள் குத்தமாட்டாள் என்று இங்கே எழுதிவைக்கிறேன். இதை அவள் படிப்பாள்.

வீட்டில் பெட்ரோல், பிரியாணி, டீ, முதுகுக்குத் தைலம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "இதே சாமை நம்ம தெருமுனைக் கடையிலயே கிடைக்குதுங்க" என்றாள். கிடைக்கிறதுதான். தெருமுனைக்குப் போக யார் ஜாக்கெட் போடுவார்கள்?

பலா சீசனில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பழத்தை அங்கேயே அறுத்துச் சுளையாக வாங்கிக்கொள்ளுங்கள். முழுப் பழம்தான் வேண்டும் என்றால் பஸ்ஸில் போங்கள்.